பேஸ்மென்ட் அஸ்பெஸ்டஸ் டைல்: கிளப்பப் போவதில்லை!

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கொஞ்சம் சூடாகத்தான் கதைக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேஸ்மென்ட் வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நாற்றம் பிடித்த கார்ப்பெட்டை உரித்தபோது அடியில் பச்சையும் கறுப்புமாகச் சின்னச் சின்ன டைல்கள் இருந்தன. கார்ப்பெட்டைப் பற்றி இனிப் பேசமாட்டேன். எனக்கு அதைக் கண்ணில் காட்டக்கூடாது.

நேற்று ஒரு கொன்ட்ராக்டர் வந்து பார்த்தார். சப்பாத்து நுனியால் டைலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "அக்கா, இது ஒண்டுமில்லை. கிரைண்டர் போட்டால் பின்னேரத்துக்குள்ள சீமெந்து தெரியும்" என்கிறார். கிரைண்டராம்! டைலில் அஸ்பெஸ்டஸ் நார் இருக்கிறது என்ற லாப் ரிப்போர்ட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். "எல்லா வீட்டிலயும் இருக்கிறதுதானே அக்கா." இருக்கிறதுதான் தம்பி, அதற்காக அரைத்துத் தூளாக்கி மூச்சில் இழுக்க வேண்டுமா?

சரி, புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வீடு கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோவில், ஐம்பதுகளில் கட்டியது. அந்தக் காலத்து வீட்டில் 9 அங்குலச் சதுர டைலைக் கண்டால் முதலில் அஸ்பெஸ்டஸ் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலமாக இருந்தால் தப்பிவிட்டோம் என்றும் நினைக்கவேண்டாம், எண்பதுகள் வரைக்கும் கலந்திருக்கிறார்கள். டைலுக்கு அடியில் இருக்கிற கறுப்புப் பசையிலும் இருக்கலாம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, லாப்பில் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துத்தான் சொல்வார்கள்.

இப்போது அந்த லாப் கதை. இதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஒரு மாதிரிக்கு 45 டொலர் என்று போட்டிருந்தார்கள். நல்ல விலை, சந்தோஷமாக ஒரே ஒரு துண்டு அனுப்பினேன். பில் வருகிறது, 90 டொலர்! போன் எடுத்தால், டைல் ஒரு அடுக்காம், அதில் ஒட்டியிருக்கிற பசை இன்னொரு அடுக்காம், அடுக்குக்கு ஒரு காசாம். ஒரு பை, ஒரு துண்டு, பெருவிரல் நகமளவு. இதில் என்ன இரண்டு? நல்ல காலம் அதற்கடியில் பழைய லினோலியம் இருக்கவில்லை, இருந்திருந்தால் 135. அந்தப் பிள்ளை போனில் மிகவும் தன்மையாகத்தான் விளங்கப்படுத்தினா, இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதில் இருக்கிறது என்று தெரியுமாம். நியாயம்தான். அந்த நியாயத்தை விலைப்பட்டியலில் எழுதி வைத்தால் என்ன? 45 டொலருக்கு நான் இரண்டு கிழமைக்கு மீன் வாங்குவேன்.

ரிப்போர்ட் என்ன சொன்னது? டைலில் 3 சதவீதம் கிரைசோடைல், அது அஸ்பெஸ்டஸில் ஒரு வகை. பசையில் ஒன்றுமில்லை. அதாவது கூடுதலாகப் பிடுங்கிய 45 டொலருக்கு "ஒன்றுமில்லை" என்று ஒரு வரி. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் அரை சதவீதம் இருந்தாலே அது அஸ்பெஸ்டஸ் பொருள்தான், ஆகவே 3 என்பது சின்ன எண் இல்லை.

ஆ, துண்டை எப்படி எடுத்தேன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன், திரும்பப் போவோம். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பக்கத்தில் ஏற்கெனவே மூலை உடைந்த டைல் ஒன்று இருக்கிறதல்லவா, அதில்தான். முதலில் ஃபர்னஸை நிறுத்தினேன், காற்று ஓடினால் தூசு வீடு முழுக்கப் போகும். மிக நுண்ணிய தூசையும் தடுக்கிற P100 வடிகட்டி போட்ட மாஸ்க், அந்த ரோஸ் நிற வட்டம் உள்ளது. மெல்லிய நீல மாஸ்க் இதற்கு உதவாது. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப் விட்டு, நன்றாக நனைத்து, சாவணத்தால் துண்டை எடுத்து சிப் பையில் போட்டேன். இடத்தை ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியையும் பையில் கட்டினேன். தும்புத்தடி எடுத்துக் கூட்டவே கூடாது. வீட்டு வக்கூமும் கூடாது, அது நாரைப் பின்பக்கத்தால் அப்படியே திருப்பி ஊதிவிடும்.

இப்போது முடிவு. நான் கிளப்பப் போவதில்லை, மூடப் போகிறேன். கிரைண்டர் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன். நல்ல நிலையில் இருக்கிற டைலுக்குள் நார் வினைலோடு இறுகிப் போயிருக்கிறது, சும்மா நடந்து திரிந்தால் வெளியே வராது. உடைத்தால், தேய்த்தால், துளை போட்டால்தான் வரும். வந்து நெஞ்சுக்குள் போனால் நோய் தெரிய இருபது, முப்பது வருடம் ஆகலாம், அதற்குள் அந்தத் தம்பி எங்கே இருப்பாரோ. ஒன்ராறியோ ஒழுங்குவிதி 278/05-இல் வேலையை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். டைலை உடைக்காமல் முழுசாகக் கையால் கிளப்பினால் முதலாம் வகை. நுண்ணிய தூசையும் பிடிக்கிற ஹெப்பா வடிகட்டியோடு தூசு உறிஞ்சி பூட்டாத மின்கருவியால் அரைத்தால் மூன்றாம் வகை, கடுமையானது. அந்தத் தம்பி கொண்டு வந்த சாமானில் ஹெப்பாவும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. பாவம் அவருடைய நெஞ்சும்தானே.

இவ்வளவுக்கும் இந்த அஸ்பெஸ்டஸைத் தோண்டிய இடம் பக்கத்து மாகாணம். கியூபெக்கில் ஒரு ஊருக்குப் பெயரே அஸ்பெஸ்டஸ், 2020-இல்தான் வால்-தே-சூர்ஸ் என்று மாற்றினார்கள். கனடா தடை போட்டதே 2018 முடிவில், சுரங்கங்கள் 2011-இல் ஓய்ந்து ஏழு வருடம் கழித்து! அம்மாவிடம் சொன்னேன், "ஊரில எங்கட வீட்டுக் கூரை சீட்டும் அதுதானேடி" என்றா. உண்மைதான். இலங்கை 2018 ஜனவரியிலிருந்து இறக்குமதியை நிறுத்தப் போவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, பெட்டிக்குள் வண்டு இருந்தது என்று சொல்லி எங்கள் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் அனுப்புவதும் அதே ரஷ்யாதான். பிறகென்ன, தடை பின்னால் போனது, தேயிலை முன்னால் போனது.

எங்கே விட்டேன்? மூடுவது. உடைந்த மூலையை நனைத்து, நிரப்பும் பசை போட்டுச் சமப்படுத்தியாயிற்று, தேய்க்கவில்லை. மேலே ஒன்றுக்குள் ஒன்று கொளுவுகிற வினைல் பலகை, ஆணியும் இல்லை பசையும் இல்லை. சாம்பல் நிறம் வேண்டாம் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன், தெரியும்தானே, எனக்குச் சாம்பல் நிறத் தரை ஆஸ்பத்திரி மாதிரி. தேக்கு நிறம் கழிவு விலையில் கிடைத்தது, சதுர அடி 1 டொலர் 89 சதம்! பக்கத்துக் கடையில் அதே பெட்டி 3 டொலருக்கு மேல். 45 டொலர் துக்கம் அன்றோடு தீர்ந்தது.

ஒரே சிக்கல், தரை உயர்ந்ததால் சலவை அறைக் கதவு இடிக்கிறது. கதவைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த்தான் அடியை வெட்டவேண்டும். வீட்டை விற்கிற நாளில் வாங்குபவருக்குத் தெரியவேண்டும் என்று ரிப்போர்ட்டையும் டைல் படங்களையும் வீட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கூரைக்கடியில் இருக்கிற அட்டிக்கில், குளிர் தாங்கப் போடுகிற கூழாங்கல் மாதிரியான வேர்மிகுலைட் கிடக்கிறதா என்று என் கணவர் ஏறிப் பார்க்கப் போனார், தடுத்துவிட்டேன். மொன்டானாவில் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததென்றால் அதிலும் இதே வில்லங்கம். அதற்கும் மாதிரி அனுப்பவேண்டும். இந்த முறை அடுக்குக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பையைக் கட்டுவேன். கதவு வெட்டுகிற வீடியோ சனிக்கிழமை வரும்.