விரல் நுனியில் துளிர்த்த இலை

அவையோருக்கு வணக்கம்.

ஒரு பெண் மரமானாள் என்று பாடுவது கவிஞனுக்கு எளிது. ‘பிறகு’ என்று ஒரு சொல் போட்டால் போதும். சிற்பிக்கு அந்தச் சொல் கிடையாது. அவனுக்கு வாய்ப்பது ஒரே ஒரு கணம். அது எந்தக் கணம் என்பதில்தான் அவன் திறமை இருக்கிறது.

கிரேக்கக் கதைகளை வரைந்த பழைய கைவினைஞர்களும் இதோடு மல்லாடியிருக்கிறார்கள். கி.மு. 510 வாக்கில், இத்தாலியின் பழைய எட்ரூரியா நாட்டில் செய்த ஒரு தண்ணீர்க் குடம் அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்தில் இருந்தது; பின்னர் அது இத்தாலிக்கே திரும்பிவிட்டது. டயோனிசஸ் கடவுளைக் கடத்தப் பார்த்த கொள்ளையர்கள் அதில் கடலுக்குள் தலைகுப்புறப் பாய்கிறார்கள். இடுப்புக்கு மேலே டால்பின், கீழே இன்னும் மனிதக் கால்கள்! பாதி மாற்றத்தைக் காட்ட அந்த ஓவியருக்குத் தெரிந்த வழி அது.

இப்போது ரோமுக்கு வாருங்கள். பொர்கேசே மாளிகையில் இத்தாலியச் சிற்பி பெர்னினி வடித்த அப்போலோ கடவுளும் டாஃப்னி என்ற பெண்ணும் நிற்கிறார்கள். 1622இல் தொடங்கி 1625இல் முடித்த வேலை; தொடங்கும்போது அவருக்கு வயது 23. கதை, பழைய ரோமானியக் கவிஞர் ஒவிட் பாடியது. மன்மதனின் பொன்னம்பு பட்ட அப்போலோ துரத்துகிறான், ஈய அம்பு பட்ட டாஃப்னி ஓடுகிறாள். ஓட முடியாமல் போனதும், ஆற்றுத் தேவனான தன் தந்தையிடம் ‘என் உருவத்தை மாற்றிவிடு’ என்று கதறுகிறாள்.

அப்போலோவின் இடது கையைப் பாருங்கள். அவளைப் பிடித்துவிட்டான். ஆனால் அவன் உள்ளங்கை படுவது அவள் தோலில் அல்ல, அதற்குள் மேலேறி வந்துவிட்ட மரப்பட்டையில்! அவள் கால்விரல்கள் வேராகி இறங்குகின்றன, கைவிரல்கள் இலையாகத் துளிர்க்கின்றன. வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சலவைக்கல் இலைகள். அவற்றைச் செதுக்கியதில் பெரும்பங்கு ஜூலியானோ ஃபினெல்லி என்ற உதவிச் சிற்பியுடையது. அவர் பெயரையும் நாம் சொல்ல வேண்டும்.

பீடத்தில் இரண்டு வரி லத்தீன் செய்யுள் இருக்கிறது. பின்னாளில் போப்பாண்டவரான மஃபெயோ பர்பெரினி எழுதியது. ஓடி மறையும் இன்பத்தைத் துரத்துகிறவன் கைக்கு இலையும் கசப்புக் கனியும்தான் மிஞ்சும் என்கிறது. எனக்கு அந்த வரிகள் மேல் தீராத வருத்தம் உண்டு. துரத்தியவனின் ஏமாற்றத்தைச் சொல்கிறதே, ஓடியவளைப் பற்றி ஒரு சொல் இல்லையே! ஒவிட் அவளை மறக்கவில்லை. மரமான பிறகும் அப்போலோ முத்தமிட வந்தபோது அந்தக் கட்டை விலகியது என்று பாடுகிறார்.

பெர்னினியும் மறக்கவில்லை. இன்று சிலை அறையின் நடுவில் இருக்கிறது. முதலில் வைத்தபோது, உள்ளே நுழைகிறவருக்கு அப்போலோவின் முதுகுதான் தெரியும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். ஓர் இளைஞன் ஓடுகிறான், அவ்வளவுதான். நீங்கள் சுற்றி நடக்கிறீர்கள். அடிக்கு அடி பட்டை ஏறுகிறது, கூந்தல் இலையாகிறது. சிற்பிக்குக் கிடைக்காத ‘பிறகு’ என்ற சொல்லை உங்கள் கால்கள் சொல்கின்றன. இன்னும் இரண்டு அடி வையுங்கள், அவள் முகம் தெரியும். வாய் திறந்திருக்கிறது.