தலைக்குள் மட்டும் சேமிக்கப்படும் விளையாட்டுகள்: 2025-இல் நான் ஆடியவை

வணக்கம் நண்பர்களே. கேமரா லேசாகச் சாய்ந்திருக்கிறது, தெரியும். ஸ்டாண்டின் ஒரு கால் தளர்ந்துவிட்டது. பின்னால் கேட்பது மாடி வீட்டு கிரைண்டர். ஞாயிற்றுக்கிழமை காலையை விட்டால் எனக்கு வேறு நேரம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025-இல் நான் ஆடிய வீடியோ கேம்களைப் பற்றிப் பேச உட்கார்ந்திருக்கிறேன். தரவரிசை கிடையாது, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் கிடையாது. அதற்கு வேறு சேனல்கள் ஏராளம். அந்த ஆண்டு வந்த கேம்களை மட்டும்தான் பேசுவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நான் எப்போதுமே ஊர் ஆடி முடித்த பிறகு, விலை இறங்கிய பிறகு வாங்குகிறவன்.

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வழக்கமாக ஒரு கேமில் நாயகனுக்குத்தான் பலம் கூடும். வாள் பெரிதாகும், உயிர்க்கோடு நீளும், லெவல் ஏறும். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் தொடக்கத்தில் இருந்த அதே ஆளாகத்தான் எழுந்து போவான். அந்த ஆண்டு என்னைத் தூங்க விடாத கேம்களில் திரையில் எதுவுமே வளரவில்லை. எனக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடிக்கொண்டே போனது.

அவுட்டர் வைல்ட்ஸிலிருந்து தொடங்குகிறேன். 2019-இல் வந்தது. அதே ஆண்டு அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று இன்னொன்றும் வந்தது, மாற்றி வாங்கிவிடாதீர்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் என்பவர் முதுகலைப் படிப்புக்காகச் செய்த திட்டம்தான் பிறகு மோபியஸ் டிஜிட்டல் என்ற சிறிய நிறுவனத்தில் முழு கேமாக வளர்ந்தது. ஒரு சின்னஞ்சிறு சூரியக் குடும்பம். மரத்தை ஒட்டித் தைத்தது போன்ற ஒரு விண்கலம். ஏவுவதற்கான குறியீட்டை ஊரில் வாங்கிவிட்டால், எந்தக் கோளுக்கு வேண்டுமானாலும் அப்போதே போகலாம். ஒரு தடையும் இல்லை. ஆனால் 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். நீங்கள் மறுபடி, ஆட்டம் தொடங்கிய அதே நெருப்பின் அருகில் கண் விழிப்பீர்கள். கையில் புதிதாக ஒன்றும் இருக்காது. போன முறை எதைப் படித்தீர்களோ, எதைப் பார்த்தீர்களோ, அதுதான் உங்கள் சொத்து.

கதையை உடைக்க மாட்டேன். ஒரே ஒரு உதாரணம், அதுவும் பாதி. ஓரிடத்தில் உங்கள் கலத்தை ஒரே வாயில் விழுங்கும் ராட்சத மீன்கள் இருக்கின்றன. அவற்றைச் சுட ஆயுதம் கடைசி வரை கிடைக்காது. கலத்தின் வேகத்தைக் கூட்டவும் முடியாது. ஆனால் வெகு தொலைவில் வேறொரு கோளில், ஒரு குகைக்குள், அந்த மீனின் எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில், எப்போதோ வாழ்ந்து மறைந்த ஒரு இனத்தின் குழந்தைகள் தங்கள் விளையாட்டின் விதிகளை எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் படித்து யோசிக்கிறவன் மீன்களைத் தாண்டிப் போய்விடுவான். முதல் நாளே தாண்டியிருக்க முடியும், தெரிந்திருந்தால். எனக்கு அந்தக் குகையில் ஒரு கணம் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒரு கேம் என் கையில் துப்பாக்கியைத் திணிக்காமல், ‘நீ யோசிப்பாய்’ என்று என்னை நம்பிவிட்டது போல இருந்தது.

அதன் இசையையும் சொல்லியாக வேண்டும். பல கோள்களில் ஒவ்வொரு பயணி தனியாக உட்கார்ந்து ஒரு வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பேஞ்சோ, ஒருவர் ஹார்மோனிகா என்று. கலத்தைச் சரியான கோணத்தில் நிறுத்தி ஒலிவாங்கியைத் திருப்பினால், வெவ்வேறு கோள்களில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே பாட்டை வாசிப்பது கேட்கும். ஆண்ட்ரூ பிராலோவின் இசை. வேலை முடிந்து வந்த பல இரவுகளில் நான் எந்தப் புதிரையும் தொடாமல் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா மிதந்திருக்கிறேன்.

அடுத்தது, அந்த ஆண்டு எனக்கு மிகவும் பிடித்தது: ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். 2018-இல் வெளிவந்தது. லூகாஸ் போப் ஏறத்தாழ ஒற்றை ஆளாக உருவாக்கியது, இசை உட்பட. 1802-இல் லண்டனிலிருந்து புறப்பட்டுக் காணாமல் போன ஒரு வணிகக் கப்பல், 1807-இல் ஆளில்லாமல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்துக்கு மிதந்து வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரில் யார் யார், என்ன ஆனார்கள், கொல்லப்பட்டிருந்தால் கொன்றது யார் என்று ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரு மாயக் கடிகாரம். சடலத்தின் அருகே அதைத் திறந்தால், முதலில் இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பிறகு அந்த மனிதர் செத்த அந்த நொடி அப்படியே உறைந்து நிற்கும். அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், பழைய மேக்கின்டோஷ் கணினித் திரை மாதிரி.

இதில்தான் எங்கள் அப்பா வருகிறார். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வாகன விபத்து இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் கேம்களை இதுவரை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஒரு மாலை தேநீர் டம்ளரோடு பின்னால் நின்றவர், ‘யாருக்கு இழப்பீடு?’ என்று கேட்டார். சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நான் அந்தக் கேமைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

நான் அந்தக் காட்சிகளைச் சினிமாவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்: கத்தி, ரத்தம், கடலிலிருந்து எழும் அரக்கர்கள். அப்பா அரக்கனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்தில் நிற்பவன் எந்தச் சட்டை போட்டிருக்கிறான், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், தூங்கும் தொங்குகட்டிலில் என்ன எண் மாட்டியிருக்கிறது, இதுதான் அவருக்குக் கணக்கு. மாலுமிகளில் சிலரை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்தறியவே முடியாமல் நான் மாட்டிக்கொண்டிருந்தபோது, ‘முகத்தை விடு, காலைப் பார்’ என்றார். ஆடியவர்களுக்கு அவர் எந்த இடத்தைச் சொல்கிறார் என்று புரியும். ஆடாதவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

அந்தக் கேமின் நேர்மை ஒரு சின்ன விதியில் இருக்கிறது. நீங்கள் எழுதியது சரியா என்று ஒவ்வொன்றாகச் சொல்லாது. மூன்று பேரின் முடிவு சரியாக இருந்தால்தான் அந்த மூன்றையும் அச்சிட்டு உறுதி செய்யும். அதனால் கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பார்க்க முடியாது. அப்பாவுக்கு அது மிகவும் பிடித்தது. கடைசியில், யார் யார் குடும்பத்துக்கு எவ்வளவு தொகை, யாருக்கு அபராதம் என்று கம்பெனியின் பட்டியல் வரும். எல்லோரும் கதையின் முடிவைப் பற்றிப் பேசுவார்கள், அவர் அந்தப் பட்டியலை வரி வரியாக வாசித்துவிட்டு, தொகைகள் போதாது என்று கோபப்பட்டார்.

இன்னொன்று என்னை உறுத்தியது. அந்தப் பயணிகள் பட்டியலில் சொந்த நாடு ‘இந்தியா’ என்று எழுதப்பட்ட மாலுமிகள் சிலர் உண்டு. லஸ்கர்கள் என்று வரலாற்றில் படித்திருப்பீர்களே, கம்பெனிக் கப்பல்களில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்தவர்கள். அவர்களில் இருவர் நுரையீரல் நோயால் சாகிறார்கள். அரக்கனும் இல்லை, கலகமும் இல்லை, சதியும் இல்லை. குளிரில், கப்பலின் அடித்தளத்தில், நோயில் சாகிறார்கள். இத்தனை அமானுஷ்யம் நிறைந்த கதைக்குள் அந்த இரண்டு சாவையும் வைத்ததற்காக லூகாஸ் போப்பை மெச்சுகிறேன். அப்பா அந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. ‘அடுத்தது’ என்று மட்டும் சொன்னார்.

இந்த வகைக் கேம்களுக்கு ஒரு சாபம் இருக்கிறது: இரண்டாம் முறை ஆட முடியாது. தெரிந்ததை எப்படி மறப்பது? வாளையும் கவசத்தையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், அறிவை அப்படி விட முடியாது. அதனால்தான் இவற்றை ஆடியவர்கள் எல்லோரும் அடுத்தவரை உட்கார வைத்து ஆடச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். நானும் என் தங்கையை அவுட்டர் வைல்ட்ஸில் உட்கார வைத்தேன். அவள் மீனிடம் மாட்டும் ஒவ்வொரு முறையும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

ப்ளூ பிரின்ஸ் அந்தச் சாபத்துக்கு ஒரு மருந்து தேடிய கேம். 2025 ஏப்ரலில் வந்தது, டோண்டா ரோஸ் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து எடுத்தது. 45 அறைகள் கொண்ட ஒரு மாளிகை, 46-ஆவது அறையைக் கண்டுபிடித்தால் வீடு உங்களுக்கு. ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் அந்தப் பக்கம் எந்த அறை வர வேண்டும் என்று மூன்றில் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். மறுநாள் வீடு கலைந்துவிடும். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லாமல் ஆடவே முடியாது. என் நோட்டைப் பார்த்த அம்மா, ஏதோ போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சில நாள் சந்தோஷமாக இருந்தார். ஆனால் எனக்கு இதில் ஒரு மனக்குறை. விடை தெரிந்த பிறகும், அதைச் செயல்படுத்தத் தேவையான அறைகள் ஒன்றாக அமைவதற்கு அதிர்ஷ்டம் வேண்டும். விடை கையில் இருக்கும்போது காத்திருக்கச் சொன்னால் எரிச்சல்தான் வரும். புதிர்களில் பல ஆங்கிலச் சொல் விளையாட்டை நம்பியவை. ஆங்கிலம் சரளமாக வராத ஒருவருக்கு அந்த வீட்டில் பாதிக் கதவுகள் பூட்டியேதான் இருக்கும்.

ஹாலோ நைட் கேமின் தொடர்ச்சியான சில்க்சாங் செப்டம்பரில் வந்தது. வந்த நிமிடத்தில் இணையக் கடைகள் பல முடங்கின. அழகு, கடினம். எனக்குப் பொறுமை போதவில்லை, பாதியில் நிற்கிறேன். க்ளேர் ஆப்ஸ்கர் என்ற கேமைப் பற்றி ஊரே பேசியது, டிசம்பரில் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. பாட்டுகள் பிரமாதம். அதற்கு மேல் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை.

வெண்பா பற்றிச் சொல்ல இருக்கிறது. 2023-இல் கனடாவின் விசை கேம்ஸ் வெளியிட்டது, 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. 1980-களின் இறுதியில் கனடாவுக்குக் குடியேறிய வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின், இவர்களின் கதை. சமையல்தான் ஆட்டம். வெண்பாவின் அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது, விடுபட்ட படியை நாம் கண்டுபிடிக்க வேண்டும். வெளிநாட்டு விமர்சகர்கள் இதை எளிய புதிர் கேம் என்றார்கள். இங்கே ஒரு வேடிக்கை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாத் தட்டுக்கும் போகும் என்பது அவர்களுக்குப் புதிர். எங்கள் அம்மாவுக்கு அது கேள்வியே இல்லை. மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் தடுமாறினாரே தவிர, விடையில் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் அடுக்கும் இடத்தில், ‘தேங்காய் போதாது’ என்று கேமைத் திட்டினார். நான் சற்று முன்பு சொன்னேனே, தெரிந்தது மட்டுமே சொத்து என்று. இங்கே அந்தச் சொத்து கேம் வாங்குவதற்கு முன்பே நம் வீட்டில் இருந்திருக்கிறது. சின்ன கேம்தான், ஒரே மாலையில் முடிந்துவிடும். கவினின் கோபத்தை இன்னும் கொஞ்ச நேரம் பேச விட்டிருக்கலாம் என்று எனக்குப் படுகிறது.

கடைசியாகப் பலாட்ரோ. 2024-இல் வந்தது, லோக்கல்தங்க் என்ற புனைபெயருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கனடாக்காரர் தனியாகச் செய்தது. போக்கர் சீட்டு, 150 ஜோக்கர்கள், பெருகிக்கொண்டே போகும் எண்கள். போனில் சீட்டைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது, ‘ரம்மியா?’ என்றார். கேட்பார்தானே. இணைய ரம்மியில் பணத்தை இழந்து உயிரை விட்டவர்களைப் பற்றி நாளிதழில் படித்தவர் அவர். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடாளுமன்றம் தடையே கொண்டுவந்துவிட்டது. பலாட்ரோவில் ஒரு பைசாவும் பந்தயம் கிடையாது. இதை உருவாக்கியவர், தன் காலத்துக்குப் பிறகும் இந்தக் கேமைச் சூதாட்ட நிறுவனங்களுக்கு விற்கக் கூடாது என்று உயில் எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பாவில் முதலில் 18 வயது ஆனவர்களுக்குத்தான் என்று முத்திரை குத்தினார்கள், பிறகு 12 என்று இறக்கினார்கள்.

நான் அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். விளக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. எந்த ஜோக்கரோடு எது சேரும் என்ற அறிவு இதிலும் வளரத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இரவு ஒரு மணிக்கு என்னை உட்கார வைத்தது அந்த அறிவு இல்லை. எண்கள் தீப்பிடித்து எரியும் அந்தக் காட்சிதான். போனிலிருந்து நீக்கிவிட்டேன், கணினியில் மட்டும் வைத்திருக்கிறேன். அற்புதமான கேம், வாங்குங்கள், ஆனால் போனில் வேண்டாம் என்பதுதான் என் பரிந்துரை.

இப்போது அப்பா வேறு ஏதாவது ‘கேஸ்’ இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். தி கேஸ் ஆஃப் தி கோல்டன் ஐடல் வாங்கி வைத்திருக்கிறேன், லாட்வியாவைச் சேர்ந்த குழு செய்தது, அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கொலைகள்தான். பொங்கல் விடுமுறையில் தொடங்குகிறோம். ஆடியவர்கள் இருந்தால் கருத்துப் பகுதியில் ஒன்றும் எழுதிவிடாதீர்கள், அப்பா இப்போது அதையும் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார்.