கண்ணாடியில் நான்கு விளக்குகள்

நேயர்களுக்கு வணக்கம்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறது. கூட்ஸ் வண்டி முடிகிற வழியாக இல்லை. எஞ்சினை அணைத்தால் மறுபடி கிளம்புமோ என்ற பயத்தில் ஓடவிட்டபடி உட்கார்ந்திருக்கிறேன். உள்கண்ணாடியைப் பார்த்தால், பின்னால் நிற்கும் கண்டெய்னர் லாரிக்கு நான்கு விளக்குகள்! இரண்டு விளக்கு நான்காகும் அளவுக்குக் கண்ணாடி நடுங்குகிறது.

என்னுடையது பழைய பிரீமியர் பத்மினி கார். நான்கு சிலிண்டர், 1089 சி.சி. இந்த நடுக்கத்துக்கு வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஆடுகிற எதைக் கண்டாலும் ஸ்குரூடிரைவரைத் தேடுவது நம் கைப்பழக்கம். கண்ணாடியின் முதுகில் இருக்கும் உருண்டை மூட்டை நானும் முறுக்கினேன். அந்த மூட்டு தளர்ந்தால் கண்ணாடி தலை தொங்கும். என்னுடையது தொங்கவில்லை, நடுங்கியது. இரண்டும் வேறு வேறு நோய். மேலும் முறுக்கியதில் மூட்டைக் கவ்வும் தகடு விரிசல் விட்டதுதான் மிச்சம்.

தண்டையார்பேட்டையில் வயதான மெக்கானிக் ஒருவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தச் சொன்னார். நடுக்கம் நின்றது. காலை எடுக்கச் சொன்னார். திரும்பி வந்தது. "மூட்டுக் கோளாறு இப்படி நேரம் பார்த்து வராது சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம், வினாடிக்குப் பன்னிரண்டரை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக, வினாடிக்கு 25 உதை. தண்டின் நுனியில் நிற்கும் கண்ணாடிக்கும் சொந்தமாக ஓர் அதிர்வெண் உண்டு, அதாவது தட்டிவிட்டால் வினாடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற கணக்கு. இரண்டும் பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுகிற கதைதான். கண்ணாடி திரும்புவதுபோல் இரு மடங்கு பிம்பம் திரும்பும். கால் பாகை ஆடினாலே, 50 மீட்டர் பின்னால் வரும் வண்டி 40 சென்டிமீட்டருக்கு மேல் இடம் மாறித் தெரியும்.

சரி, இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது? போன வருடம் அகலமான கண்ணாடி ஒன்றை வாங்கி, பழையதன் மேல் நானே மாட்டியிருந்தேன். நுனியில் எடை கூடினால் அதிர்வெண் இறங்கும். இறங்கி, எஞ்சினின் தாளத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. கழற்றியதும் முக்கால்வாசி நடுக்கம் போனது. கண்ணாடியின் முதுகில் ஈயத்துண்டு ஒட்டி நடுக்கத்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. அதிலும் தவறில்லை, அவர்களுடைய கண்ணாடி பொருத்தத்துக்குக் கீழே இறங்கித் தப்புகிறது, என்னுடையது மேலே ஏறித் தப்பியது.

மிச்சத்துக்கு எஞ்சின் மவுண்டிங், அதாவது எஞ்சினைத் தாங்கும் ரப்பர். அந்த ரப்பரில் நகம்கூடப் பதியவில்லை, கொட்டாங்கச்சியாக இறுகியிருந்தது. மாற்றினேன். தண்டின் அடித்தட்டுக்குக் கீழே சைக்கிள் ட்யூபை இரண்டு மடிப்பாக வெட்டி வைத்தேன். அங்கே ஸ்குரூவை மூச்சைப் பிடித்து முறுக்காதீர்கள். ரப்பர் நசுங்கிவிட்டால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் நடுக்கம் வந்தால், கண்ணாடியை விட்டுவிட்டு வீல் பேலன்ஸைப் பாருங்கள்.

இப்போது லாரிக்கு இரண்டு விளக்குதான். வெளிக்கண்ணாடி இன்னும் கொஞ்சம் ஆடுகிறது. அதன் தண்டு நீளம். வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.