'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொல்வதை நிறுத்தினேன்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு கேம்ப்ளே எதுவும் கிடையாது. பின்னால் மானிட்டர்கூட அணைந்துதான் இருக்கிறது. இந்த விஷயத்தை உட்கார்ந்து பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் கேம் விளையாடுகிறவள். என் காதலன் விளையாடாதவன். நான்கு வருடமாகச் சேர்ந்து இருக்கிறோம். முதல் இரண்டு வருடம் எங்களுக்குள் வந்த சண்டைகளில் பாதிக்கு மேல் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்ற வார்த்தையில் தொடங்கியவை.

'எப்போ முடியும்?' என்று வந்து கேட்பான். ஹெட்செட்டைக் கழற்றாமலே அஞ்சு நிமிஷம் என்பேன். நான் ஆடிக்கொண்டிருந்தது வேலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அணிக்கு 5 பேர், முதலில் 13 ரவுண்டு எடுக்கிற அணிக்கு வெற்றி. ஒரு ரவுண்டுக்கு 100 விநாடி, சில சமயம் அதற்கு மேலும் போகும்; அதற்கு முன்னால் துப்பாக்கி வாங்கப் பெரும்பாலும் 30 விநாடி. தரவரிசைக்காக ஆடுகிற ரேங்க்டு ஆட்டத்தில் 12-12 என்று வந்துவிட்டால் ஓவர்டைம் வேறு. பாதியில் எழுந்து போனால் மீதி 4 பேர் மாட்டிக்கொள்வார்கள், நமக்கும் கொஞ்ச நேரம் தடை விழும். இதில் அஞ்சு நிமிஷம் எங்கிருந்து வந்தது? கேட்கிறவனை அப்போதைக்கு அனுப்பிவைக்க நான் சொன்ன எண் அது. அவன் அதை நம்பிச் சாப்பாட்டைச் சூடு பண்ணி எடுத்து வைப்பான். நான் முக்கால் மணி நேரம் கழித்துப் போய் உட்காருவேன்.

ஒரு நாள் அவன் சொன்னான்: 'மூணு மணி நேரம் ஆடப் போறேன்னு சொல்லு, நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்க்கிறேன். என்னைக் காக்க வைக்காதே.' அவனுக்கு கேம் பிடிக்கவில்லை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

இன்னொரு சண்டையில் 'நீ இதுக்கு அடிமை' என்றான். மனசு ரொம்ப வலித்தது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் கேமிங் டிஸார்டர், அதாவது விளையாட்டுக் கோளாறு, என்று ஒன்று உண்டு. தேடிப் படித்தேன். இத்தனை மணி நேரம் என்று அதில் கணக்கு இல்லை. கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, கெடுதல் நடந்தும் தொடர்வது, இப்படியே பொதுவாக 12 மாதமாவது வாழ்க்கையைப் பாதிப்பது. அது நான் இல்லை. ஆனாலும் 'கெடுதல் நடந்தும்' என்ற இடத்தைச் சட்டென்று தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

சரி, அப்புறம் என்ன செய்தேன்? இப்போதெல்லாம் வாய்க்கு வந்த ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்வதில்லை. '8-6ல இருக்கு, குறைஞ்சது பத்து நிமிஷம், இழுத்தா அரை மணி நேரம்' என்று உள்ளதைச் சொல்கிறேன். அதைவிட முக்கியம், அடுத்த மேட்ச்சுக்கு கியூ போடுவதற்கு, அதாவது ஆள் சேர வரிசையில் நிற்பதற்கு, முன்னால் ஹெட்செட்டைக் கழற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்பது. கியூ போட்ட பிறகு பேச ஒன்றும் மிச்சமில்லை. அவன் வீட்டில் இருக்கிற மாலைகளில் ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை கேம். அதில் ஒரு நாள் என்பது நமக்கு சுமார் 14 நிமிடம், தூங்கப் போனால் சேவ் ஆகிவிடும். 'இந்த ஒரு நாளை முடிச்சிட்டு வரேன்' என்றால் அது உண்மை.

அப்புறம் நாங்கள் சேர்ந்து ஆடிய கேம், இட் டேக்ஸ் டூ. 2021ல் வந்தது, இரண்டு பேர் இல்லாமல் விளையாடவே முடியாது. பிரியப் போகிற ஒரு தம்பதி பொம்மைகளாக மாறிவிடுகிற கதை. முதல் நாள் அவனால் கண்ட்ரோலரின் இரண்டு ஸ்டிக்கையும் ஒன்றாக அசைக்க முடியவில்லை. கேமரா கூரையைப் பார்க்கும், ஆள் பள்ளத்தில் விழுவார். நான் பொறுக்க முடியாமல் அவன் கையிலிருந்த கண்ட்ரோலரை வாங்கித் தாண்டிக் கொடுத்தேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டான். உங்கள் துணையோடு விளையாடுகிறவர்கள் தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த முறை அவன் விழ விழ நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அதில் ஒருவருக்கு ஆணி, இன்னொருவருக்குச் சுத்தியல். அவன் சுவரில் ஆணி எறிந்தால்தான் நான் அதில் தொங்கித் தாண்ட முடியும். பதினைந்து, இருபது தடவை தவறிய பிறகு ஆணி சரியாகப் போய்க் குத்தியது. 'போ, போ!' என்று கத்தினான். நான் ஆடுகிற பக்கம் அவன் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவன் இப்போதும் தனியாக எதுவும் விளையாடுவதில்லை. ஆனால் கதவோரம் வந்து நின்று, திரையின் மேலே இருக்கிற ஸ்கோரைப் பார்ப்பான். '11-9ஆ? சரி, நான் குளிச்சிட்டு வந்துடறேன்' என்று போய்விடுவான். அவன் வந்து தலை துவட்டும்போது நான் ஹெட்செட்டைக் கழற்றி வைத்திருப்பேன்.