கிழிந்த ஸ்பீக்கர் கட்டிய வீடு

நடுவர் அவர்களுக்கும், எதிரணிக்கும், இவ்வளவு நேரமாகக் கலையாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். ராக் அண்ட் ரோல் பிறந்தது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் ப்ளூஸிலிருந்தா, அங்கே வெள்ளையர்களின் கிராமிய இசையாக வளர்ந்த கன்ட்ரியிலிருந்தா? இதுதான் தலைப்பு. ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பேச வந்திருக்கிறேன். குறிப்பெல்லாம் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எதிரணித் தம்பி கடைசியாக ஒன்று சொன்னார், நீங்களும் பலமாகக் கைதட்டினீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் குறிப்பைப் பிரிப்பதாக இல்லை.

தம்பி என்ன சொன்னார்? “ரிதம் அண்ட் ப்ளூஸ்காரர்களிடம் இருந்தது ஒரு கிழிந்த ஸ்பீக்கர். அதை வைத்துக்கொண்டு கரகரவென்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். கன்ட்ரிக்காரர்கள் வந்து, வெள்ளைப் பாடகர் எல்விஸ் வந்து, துடைத்து மெருகேற்றிய பிறகுதான் அது பாட்டாயிற்று, உலகம் கேட்டது” என்றார்.

தம்பி, நீங்கள் பாதியில் விட்ட அந்த ஸ்பீக்கர் கதையை நான் முழுதாகச் சொல்கிறேன்.

1951 மார்ச் மாதம். மிசிசிப்பி மாநிலத்தில் கிளார்க்ஸ்டேல் என்று ஓர் ஊர். அங்கிருந்து மெம்ஃபிஸுக்கு ஒரு வண்டி கிளம்புகிறது. உள்ளே ஐக் டர்னரின் குழு, ‘கிங்ஸ் ஆஃப் ரிதம்’. ஐக் டர்னருக்கு வயது 19. எல்லாரும் கறுப்பின இளைஞர்கள். மெம்ஃபிஸில் சாம் ஃபிலிப்ஸ் என்று ஒரு வெள்ளைக்காரர் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று அனுப்பி வைத்தவர் ப்ளூஸ் பாடகர் பி.பி. கிங். வழியில் கிதார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபையர் பழுதாகிவிடுகிறது. வண்டியிலிருந்து விழுந்து உடைந்தது என்கிறார் ஃபிலிப்ஸ். மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டது என்கிறார் டர்னர். எது உண்மையோ, ஊர் போய்ச் சேர்ந்து திறந்து பார்த்தால் ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்திருக்கிறது. தந்தியைத் தட்டினால் சுத்தமான ஒலி வரவில்லை, வண்டு ரீங்காரம் வருகிறது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நீங்கள் அந்தக் கூடத்தின் சொந்தக்காரர் என்றால் என்ன செய்வீர்கள்? ‘தம்பிகளா, சரிசெய்துகொண்டு இன்னொரு நாள் வாருங்கள்’ என்று அனுப்பிவிடுவோம். பெரிய கம்பெனி எதுவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருக்கும். சாம் ஃபிலிப்ஸ் அனுப்பவில்லை. காகிதத்தைக் கசக்கி அந்தக் கிழிசலுக்குள் திணித்தார்கள். வாசி என்றார். வாசித்தார் கிஸார்ட். இப்போது அந்த ரீங்காரத்துக்கு ஓர் உடம்பு வந்திருந்தது. சாக்ஸபோன் மாதிரி இருக்கிறதே என்று ஃபிலிப்ஸுக்குத் தோன்றிவிட்டது. அதை மறைக்கவில்லை. பின்னால் தள்ளவில்லை. பதிவில் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைக் கேளுங்கள். ‘ராக்கெட் 88’. ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனியின் காரைப் புகழ்ந்து ஒரு பாட்டு. முதலில் டர்னரின் பியானோ துள்ளிக்கொண்டு வரும். அதற்கு அடியில் ஒரு கனமான முறுமுறுப்பு, பாட்டு முழுக்க விடாமல் உருண்டுகொண்டே இருக்கும். பேஸ் வாசிக்க வேண்டிய, ‘பூகி’ என்ற உருளும் தாள வரிசையைக் கிதார் எடுத்துக்கொண்டு போகும். அதுதான் தம்பி சொன்ன கிழிந்த ஸ்பீக்கர். மேலே ரேமண்ட் ஹில்லின் சாக்ஸபோன் கத்தும். கேட்டு முடித்துவிட்டு, பின்னால் எத்தனை ராக் கிதார்காரர்கள் காசு கொடுத்துக் கருவி வாங்கி அதே கரகரப்பை வரவழைத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பப் பியானோவும் சும்மா போகவில்லை. ஏழு வருடம் கழித்து லிட்டில் ரிச்சர்ட் வெளியிட்ட ‘குட் கோலி மிஸ் மோலி’யின் தொடக்கம் அங்கிருந்து எடுத்ததுதான். எடுத்தேன் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்.

ஸ்பீக்கர் கதை இன்னும் முடியவில்லை.

சிகாகோவின் செஸ் கம்பெனி அந்த இசைத்தட்டை வெளியிட்டது. அந்த வருடமே பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம். ஆனால் தட்டில் என்ன பெயர்? ‘ஜாக்கி பிரென்ஸ்டனும் அவருடைய டெல்டா கேட்ஸும்’. டெல்டா கேட்ஸ் என்று ஒரு குழுவே கிடையாது. பிரென்ஸ்டன் அதே குழுவில் சாக்ஸபோன் வாசித்தவர், அன்றைக்குப் பாடியவர். குழுவின் தலைவன் டர்னருக்குக் கிடைத்தது 20 டாலர். பிரென்ஸ்டன் தன் உரிமையை 910 டாலருக்கு ஃபிலிப்ஸிடமே விற்றுவிட்டார்.

சரி, அந்தப் பாட்டின் வெற்றி என்ன செய்தது? அடுத்த வருடம், 1952-ல், ஃபிலிப்ஸ் சொந்தமாக ஓர் இசைத்தட்டு கம்பெனி தொடங்கினார். அதற்குத் தெம்பு கொடுத்தது ‘ராக்கெட் 88’. கம்பெனியின் பெயர் சன் ரெக்கார்ட்ஸ். முகவரி அதே 706, யூனியன் அவென்யூ. 1954 ஜூலையில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய் முதல் இசைத்தட்டுக்குப் பாடிய பையன் யார்? எல்விஸ் பிரெஸ்லி! தம்பி, எல்விஸ் வந்து ஸ்பீக்கரைத் துடைத்தார் என்கிறீர்களே, அவர் நின்று பாடிய வீட்டைக் கட்டிக் கொடுத்ததே அந்தக் கிழிந்த ஸ்பீக்கர்தான்.

கைதட்டலை வைத்திருங்கள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. கன்ட்ரிக்காரர்கள் வந்த பிறகுதான் பாட்டாயிற்று என்றார் தம்பி. பெரிய சாட்சியாக நிறுத்தியது ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ பாடிய பில் ஹேலியை. 1951-ல் பில் ஹேலி என்ன செய்துகொண்டிருந்தார்? கௌபாய் உடுப்பில் ‘சாடில்மென்’ என்ற கன்ட்ரிக் குழு நடத்திக்கொண்டிருந்தார். அந்தக் குழுவோடு அதே வருடம் அவர் பதிவு செய்த பாட்டு எது? ‘ராக்கெட் 88’! மெம்ஃபிஸில் காகிதம் திணித்த ஸ்பீக்கரில் பிறந்த பாட்டை எடுத்துப் பாடிப் பார்த்தார். அடுத்த வருடம் குழுவின் பெயர் ‘காமெட்ஸ்’ ஆகிவிட்டது, கௌபாய் வேஷமும் போய்விட்டது. உங்கள் சாட்சி எங்கள் வீட்டுப் படியேறி வந்துதான் ராக் அண்ட் ரோல்காரர் ஆனார்.

ஹேலியின் ‘ராக் அரவுண்ட் த கிளாக்’ 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் பதிவானது. தயாரிப்பாளர் மில்ட் கேப்ளர். அதற்கு முன்னால் டெக்கா கம்பெனியில் லூயி ஜோர்டானின் இசைத்தட்டுகளைத் தயாரித்த அதே கேப்ளர். ஜோர்டான் யார் தெரியுமா? 1946-ல் அவருடைய ‘சூ சூ ச்பூகி’ என்ற ஒரே பாட்டு கறுப்பின மக்களுக்கான பட்டியலில் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்த ஜோர்டான் குழுவின் இசைத்துணுக்குகளை ஹேலியின் ஆட்களுக்கு வாயால் பாடிக் காட்டி வாசிக்கச் சொன்னேன் என்று கேப்ளரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ராக் அண்ட் ரோல் கிதார்காரர் சக் பெர்ரியின் புகழ்பெற்ற கிதார் தொடக்கமும் ஜோர்டானின் கிதார்காரர் கார்ல் ஹோகனிடமிருந்து வந்ததுதான். பெர்ரி அதை மறைத்ததே இல்லை.

கன்ட்ரியின் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெர்ரியின் ‘மேபெலீன்’ ஒரு பழைய நாட்டுப்புறப் பாட்டின் மேல் எழுந்ததுதான். எல்விஸின் முதல் தட்டில் ஒரு பக்கம் கன்ட்ரிப் பாடகர் பில் மன்றோவின் ‘புளூ மூன் ஆஃப் கென்டக்கி’ இருந்தது, அதுவும் சரி. ஆனால் எதிரணி அந்தப் பக்கத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்துவிட்டது. தட்டைத் திருப்பிப் போடுங்கள். மறுபக்கத்துக்கு அப்புறம் வருகிறேன்.

அதற்கு முன்னால் இந்த ‘துடைத்து மெருகேற்றினார்கள்’ என்ற பேச்சு. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது அதைக் கேட்டுத்தான். எப்படித் துடைத்தார்கள் என்று கறுப்பினப் பாடகி லவெர்ன் பேக்கரைக் கேட்டால் சொல்லியிருப்பார். அட்லாண்டிக் கம்பெனிக்கு ‘ட்வீட்லி டீ’ என்று ஒரு பாட்டுப் பாடினார் அந்த அம்மா. பாட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. 1955-ல் ஜார்ஜியா கிப்ஸ் என்ற வெள்ளைப் பாடகி அதையே பாடி வெளியிட்டார். அதே பாட்டு, அதே மெட்டு, அதே வாத்திய அமைப்பு, இடையில் வரும் சின்னச் சின்ன ஓசைகள் உட்பட. அட்லாண்டிக்கின் ஒலிப்பதிவாளர் டாம் டவுடையும் அந்தப் பதிவுக்குக் கூப்பிட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். வானொலிகள் கிப்ஸின் தட்டைத்தான் அதிகம் போட்டன. பொதுப் பட்டியலில் கிப்ஸ் இரண்டாம் இடம் வரை போனார். பேக்கர் 14-ஆம் இடத்தில் நின்றுவிட்டார்.

பேக்கர் சும்மா இருக்கவில்லை. மிச்சிகன் மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் சார்லஸ் டிக்ஸுக்குக் கடிதம் எழுதினார். பாட்டின் அமைப்பை அப்படியே நகலெடுப்பதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று கேட்டார். சட்டம் வரவில்லை. அப்புறம் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் போக வேண்டி வந்தது. விமான நிலையத்தில் ஒரு காப்பீட்டுப் பத்திரம் எடுத்தாராம். விமானம் விழுந்தால் பணம் யாருக்கு என்ற இடத்தில் ஜார்ஜியா கிப்ஸின் பெயரை எழுதினாராம். ஏன்? ‘நான் போய்விட்டால் நகலெடுக்க உனக்கு ஆள் இருக்காதே, அந்த நஷ்டத்துக்கு இதை வைத்துக்கொள்’ என்று!

சிரிக்கிறீர்கள். நானும் முதலில் படித்தபோது சிரித்தேன். ஆனால் அந்த விமான நிலையத்து மேசை முன்னால் நின்று, பேனாவை எடுத்து, தன் சாவுக்கு வரும் பணத்தை இன்னொருத்தி பெயருக்கு எழுதும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். சட்டம் கைவிட்டது, வானொலி கைவிட்டது, அவருக்கு மிச்சம் இருந்தது அந்தக் குறும்பு மட்டும்தான். பிறகு அதே பேக்கர் பிலிப்பைன்ஸில் சூபிக் விரிகுடாவில் இருந்த அமெரிக்கப் படைத்தளத்தில், சிப்பாய்களுக்கான விடுதியில் கேளிக்கை நிகழ்ச்சிகளைக் கவனித்துக்கொண்டு ஏறத்தாழ இருபது வருடம் இருந்துவிட்டார். 1988-ல்தான் நியூயார்க் மேடைக்குத் திரும்பி வந்தார். தம்பி, இதற்குப் பெயர் மெருகா?

இப்போது அந்த மறுபக்கம். எல்விஸின் முதல் தட்டைத் திருப்பினால் ‘தட்ஸ் ஆல் ரைட்’. மெம்ஃபிஸ் வானொலியில் அதைக் கேட்ட மக்கள் போன் மேல் போன் போட்டு மறுபடி மறுபடி போடச் சொன்ன பாட்டு. அதை எழுதிப் பாடி, 1946-ல் பதிவு செய்தவர் ஆர்தர் க்ரூடப். மிசிசிப்பிக்காரர். பிழைப்புத் தேடி சிகாகோவுக்கு வந்த புதிதில், மேம்பால ரயில்பாதைக்கு அடியில் ஒரு மரப்பெட்டிக்குள் படுத்துக் கிடந்தவர். எல்விஸுக்கு அவர் யார் என்று நன்றாகத் தெரியும். 1956-ல் ஒரு செய்தியாளரிடம் எல்விஸே சொன்னார்: நான் இப்போது செய்வதைக் கறுப்பின மக்கள் எத்தனையோ காலமாகச் செய்து வருகிறார்கள், ஆர்தர் க்ரூடப் உணர்ந்ததை முழுதாக உணர முடிந்தால் நானும் ஒரு இசைக்காரன் ஆவேன் என்று. எல்விஸுக்கு இருந்த அந்த நன்றி, அவர் பெயரால் இன்று இங்கே வாதாடியவர்களுக்கு இல்லை.

பாட்டுக்கு உரிய பணம் க்ரூடப்புக்கு வரவில்லை. வெறுத்துப்போய்ப் பாடுவதையே விட்டார். வயல் வேலைக்குப் போனார். 1970-களின் தொடக்கத்தில் சிலர் அவருக்காகப் போராடி, பாட்டுரிமை வைத்திருந்த கம்பெனியிடம் 60,000 டாலர் என்று ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரியவர் வர்ஜீனியாவிலிருந்து பிள்ளைகளோடு நியூயார்க் போனார். காகிதத்தில் ஒவ்வொரு இடமாகக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் கம்பெனியின் கையெழுத்துக்காக உள்ளே போனது. அறையில் காத்திருந்தார்கள். போனவர் திரும்பி வந்தார். கையெழுத்து இல்லை. பணம் கொடுக்க முடியாது என்று கடைசி நிமிடத்தில் மறுத்துவிட்டார்கள்.

எழுபதை நெருங்கும் மனிதர். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வந்த வழியே ஊர் திரும்பினார். 1974-ல் இறந்துபோனார். அவர் கண்ணை மூடிய பிறகுதான் குடும்பத்துக்குப் பணம் வந்தது.

நடுவர் ஐயா, எந்தத் தாளம் எந்த ஊரில் தொடங்கியது, யாருடைய கிதார் யாருக்குப் போனது என்று இன்னும் அரை மணி நேரம் என்னால் பேச முடியும். என் குறிப்பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் நியூயார்க்கின் அந்த அறையில் காத்திருந்த பெரியவரை நினைத்த பிறகு எனக்கு அந்தக் காகிதத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தவரை இது உன்னுடையது என்று ஒப்புக்கொண்டு யாரும் அவருக்குக் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. இன்று தீர்ப்பு எழுதும் பேனா உங்கள் கையில் இருக்கிறது. எங்கள் அணியின் பெயருக்கு எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆர்தர் க்ரூடப், வில்லி கிஸார்ட், லவெர்ன் பேக்கர் என்று மூன்று பெயரையும் இந்த மேடையில் உரக்கப் படித்து, இது உங்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் ஐயா. வணக்கம்.