விளம்பரம் எந்த மொழியோ, விண்ணப்பமும் அந்த மொழி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியில் ஒரு நிறுவனம் ஜெர்மன் மொழியில் ஆள் கேட்கிறது. 'அங்கே எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே' என்று நாம் ஆங்கிலத்தில் எழுதிப் போடுகிறோம். கடிதத்தைப் பிரிப்பவர் என்ன நினைப்பார்? இவருக்கு ஜெர்மன் வராது என்றுதான். ஜெர்மனில் கேட்டால் ஜெர்மனில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடிதம் ஒரு மொழி, தன்விவரம் வேறு மொழி என்று கலக்கவே கூடாது. சான்றிதழ்கள் ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் அப்படியே இணைக்கலாம்.

விளம்பரம் ஜெர்மனில் இருக்கும். உள்ளே அலுவல் மொழி ஆங்கிலம் என்றிருக்கும். அப்போது அதில் பெயர் கொடுத்திருப்பவரிடமே இரண்டு வரியில் கேட்டுவிடலாம், தப்பில்லை.

பணிப்பெயரை விளம்பரத்தில் உள்ளபடியே பொருள் வரியில் எழுதி, குறிப்பெண் இருந்தால் அதையும் சேருங்கள். ஆனால் பணிப்பெயருக்குப் பின்னால் வரும் 'எம், வே, டே' எழுத்துகளை விட்டுவிடுங்கள். எந்தப் பாலினத்தவரும் விண்ணப்பிக்கலாம் என்று நிறுவனம் சொல்லும் குறி அது. பெண்கள் பணிப்பெயரின் பெண்பால் வடிவத்தை எழுதலாம். பெரும்பாலும் கடைசியில் 'இன்' சேரும்.

ஜெர்மனிலும் நாட்டுக்கு நாடு வழக்கு மாறும். ஜெர்மனியில் விளிப்புக்குப் பின் காற்புள்ளி. அடுத்த வரி, பெயர்ச்சொல்லோ மரியாதைச் சொல்லோ இல்லாவிட்டால், சிறிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலப் பழக்கத்தில் கை தானாகப் பெரிய எழுத்தைப் போட்டுவிடும்! சுவிட்சர்லாந்தில் அந்தக் காற்புள்ளியைப் பொதுவாகப் போடுவதில்லை, பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். 'எஸ்ஸெட்' என்ற ஜெர்மன் எழுத்தும் அங்கே கிடையாது, இரண்டு 'எஸ்' போடவேண்டும். ஆஸ்திரியாவில் ஜனவரிக்கு 'யென்னர்' என்பார்கள். மூன்று நாட்டுக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் இங்கேதான் பிடிபடும்.

மொழித் தகுதிக்கு 'ஃபெர்ஹாண்ட்லுங்ஸ்ஸிஷர்' என்று கேட்டிருந்தால், பேச்சுவார்த்தையில் தடுமாறாத அளவு, ஏறத்தாழ சி1, என்று பொருள். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் சி1 உயர்நிலை, பி1 அதற்கு இரண்டு படி கீழே. உங்களிடம் பி1 சான்றிதழ்தான் இருக்கிறதா? பி1 என்றே தன்விவரத்தில் போடுங்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் மெருகேற்றிய கடிதம் சி1 போலப் பேசும். அதை நம்பி அவர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், ஜெர்மனில்.