ஆறு வேதபகுதிகளும் இரண்டு கேள்விகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

வன்னியில் வீட்டுச் செபக்கூட்டமாக இருந்தாலும் பங்கு இளைஞர் மன்றமாக இருந்தாலும், ஒருபாலீர்ப்பு என்ற கதை எழும்பினால் இரண்டு குரல்கள் கேட்கும். "அந்த வசனங்களை எல்லாம் பின்னாளில் யாரோ வேதாகமத்துக்குள் செருகிவிட்டார்கள்" என்று கைத்தொலைபேசியில் பார்த்த காணொளியைக் காட்டுவார் ஓர் இளைஞர். "வேதம் ஒரு புள்ளியும் மாறாமல் வந்தது, இதில் கதைக்க ஒன்றுமில்லை" என்பார் ஒரு பெரியவர். இரண்டு பேரும் இரு வேறு கேள்விகளை ஒரே முடிச்சாகப் போட்டுவிடுகிறார்கள். எழுதினது எழுதினபடி எங்கள் கைக்கு வந்ததா என்பது ஒரு கேள்வி. வந்த எழுத்து இன்றைக்கு எங்களிடம் என்ன கேட்கிறது என்பது மற்றது. முதலாவதற்குக் கையெழுத்துப் பிரதிகளை வைத்து விடை சொல்லலாம். இரண்டாவதற்கு எந்தப் பிரதியும் விடை சொல்லாது.

முதலில் பிரதிகளைப் பார்ப்போம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் 5000க்கு மேல் இருக்கின்றன. பிரசங்கங்களில் இந்த எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இடைக்காலத்தில் எழுதப்பட்டவை, சிலது ஓர் உள்ளங்கை அளவுத் துண்டுகள். எண்ணிக்கையைவிட, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத பழைய பிரதிகள் எத்தனை என்பதுதான் கணக்கு. இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே நிழற்பிரதியிலிருந்து எடுத்த பத்து நிழற்பிரதிகளும் ஒரு சாட்சிதான். காணிப் பதிவகத்தில் ஒன்று, கச்சேரிக் கோப்பில் ஒன்று, பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில் எல்லையாகக் குறித்தது ஒன்று என்றால் அவை மூன்று சாட்சிகள்.

ஒருபாலுறவுக்கு எதிராக வழக்கமாக எடுக்கப்படும் பகுதிகள் ஆறு: ஆதியாகமம் 19ஆம் அதிகாரம், லேவியராகமம் 18:22, அதே புத்தகம் 20:13, ரோமர் 1:26-27, 1 கொரிந்தியர் 6:9-10, 1 தீமோத்தேயு 1:10. கொரிந்தியர் பகுதி ஏறத்தாழ கி.பி. 200ஐச் சேர்ந்த ஒரு பப்பிரசு (நாணல் தாள்) தொகுப்பில் இருக்கிறது. அதன் தாள்கள் இன்று டப்ளினிலும் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் பிரிந்து கிடக்கின்றன. அந்தத் தொகுப்பிலேயே ரோமர் முதலாம் அதிகாரமும் இருப்பதாகச் சிலர் சொல்லிவிடுகிறார்கள். அது பிழை. முன்தாள்கள் தொலைந்துபோனதால் அதில் ரோமர் நிருபம் 5:17இல்தான் தொடங்குகிறது. ரோமர் 1:24-27க்கு ஜேர்மனியின் ஹைடல்பேர்க்கில் உள்ள மூன்றாம் நூற்றாண்டுப் பப்பிரசுத் துண்டு ஒன்று சாட்சி. நான்காம் நூற்றாண்டின் வத்திக்கான் பிரதியிலும் சீனாய் பிரதியிலும் அந்த அதிகாரம் முழுமையாக உண்டு. தீமோத்தேயு நிருபம் வத்திக்கான் பிரதியில் இல்லை. எபிரெயர் 9:14க்குப் பிறகு அதன் பழைய தாள்கள் போய்விட்டன. சீனாய் பிரதியில் இருக்கிறது.

லேவியராகமத்துக்கு வழி வேறு. முழுமையாக எஞ்சியுள்ள மிகப் பழைய எபிரெயப் பழைய ஏற்பாட்டுப் பிரதி 1008ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. அது பிந்தியது என்று யோசிக்கலாம். ஆனால் மோசேயின் புத்தகங்கள் கிறிஸ்துவுக்கு முந்திய மூன்றாம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்துக்குப் போய்விட்டன. அந்தக் கிரேக்க வடிவத்திலும், சமாரியர் தனியாகக் காத்துவந்த ஐந்நூலிலும் இரண்டு வசனங்களும் அதே பொருளோடு நிற்கின்றன. கொப்பி எடுத்த கைகள் வேறு, வழிபட்ட சமூகங்களும் வேறு. ஆகவே ஆறு பகுதிகளிலும் பொருளைப் புரட்டிப்போடும் பாடபேதம், அதாவது பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது, ஒன்றும் இல்லை. செருகினார்கள் என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காது.

பெரியவர் சொன்னதும் அப்படியே நிற்காது. மாற்கு 16:9-20 மேலே சொன்ன வத்திக்கான், சீனாய் என்ற பழைய பிரதிகள் இரண்டிலும் இல்லை. 1 யோவான் 5:7இல் பரலோகத்தில் சாட்சியிடும் மூவரைப் பற்றிய வரி பழைய கிரேக்கப் பிரதிகளில் கிடையாது. லத்தீன் வழியாக உள்ளே வந்தது, எங்கள் பழைய தமிழ்த் திருப்புதலிலும் (மொழிபெயர்ப்பிலும்) இருக்கிறது. எரேமியாவின் கிரேக்க வடிவம் எபிரெயத்தைவிட எட்டில் ஒரு பங்கு அளவு சிறியது. சாக்கடல் குகைகளில் கிடைத்த சுருள்களில் அந்தக் குறுகிய வடிவத்துக்கு எபிரெய ஆதாரமும் கிடைத்தது. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும், அதாவது யோவான் 7:53 முதல் 8:11 வரை, பழைய பிரதிகளில் காணப்படாததே. கல்லெறியாதே என்று சொல்ல நாங்கள் ஓடிப்போய் எடுக்கும் பகுதி பிரதிகளில் பலவீனமானது, கடுமையான பகுதிகள் பிரதிகளில் உறுதியானவை. சங்கடந்தான். ஆனாலும் பெரும்பாலான சபைகள் அந்தப் பெண்ணின் கதையை வாசித்தே வருகின்றன. அப்படியென்றால் சபைகள் பிரதிக் கணக்கை மட்டும் பார்த்து வேதத்தை வாசிப்பதில்லை என்பது தெரிகிறதல்லவா?

காணொளிகள் சொல்லும் 1946ஆம் ஆண்டுக் கதைக்கும் ஒரு வார்த்தை. அந்த ஆண்டு வெளிவந்த ஓர் ஆங்கிலப் புதிய ஏற்பாடு, கொரிந்தியர் பகுதியில் வரும் 'மலகோய்', 'அர்செனொகொய்தாய்' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களையும் சேர்த்து 'ஹோமோசெக்சுவல்' என்ற ஒரே சொல்லால் பெயர்த்தது உண்மை. 1971இல் அதே பதிப்பார் அதை மாற்றியதும் உண்மை. அது ஓர் ஆங்கிலப் பதிப்பின் வரலாறு. 1871இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழியில் வந்த எங்கள் பழைய திருப்புதலில் 'சுயபுணர்ச்சிக்காரர்', 'ஆண்புணர்ச்சிக்காரர்' என்று இரண்டு சொற்கள் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. முதற்சொல் அவ்வளவு சரியில்லை. மலகோய் என்றால் மென்மையானவர். மத்தேயு 11:8இல் 'மெல்லிய வஸ்திரம்' என்று வருவதும் அதே சொல்தான். அக்காலத்தில் அது சொகுசுக்காரரையும், ஆண்மையற்றவர் என்று ஏளனம் செய்யப்பட்டவரையும், ஆணுக்கு இணங்கும் ஆணையும் குறித்திருக்கிறது. இரண்டாவது சொல் பவுலுக்கு முன் எந்த நூலிலும் காணப்படவில்லை. லேவியராகமம் 20:13இன் கிரேக்க வடிவத்தில் அடுத்தடுத்து வரும் ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களை ஒட்டி அது உருவானது என்பது பல அறிஞர்களின் கருத்து. அப்படியானால் லேவியராகமத்தின் விலக்கு பவுலின் மனதில் இருந்தது. இல்லை, காசுக்கும் அடிமைத்தனத்துக்கும் உட்படுத்திச் சிறுவர்களைப் பயன்படுத்தியவர்களைத்தான் அது குறிக்கிறது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனது மட்டில் முதல் விளக்கம் பலமானது.

இனி வாசிப்பு எங்கே பிரிகிறது என்று பார்ப்போம்.

ஆதியாகமம் 19ஐ நான் விவாதத்துக்கே எடுக்கமாட்டேன். சோதோமின் ஆண்கள் செய்யப் பார்த்தது விருந்தாளிகள் மீதான கூட்டு வன்புணர்வு. அது குற்றமல்ல என்று சொல்பவர் யாரும் இல்லை. எசேக்கியேல் 16:49 சோதோமின் பாவம் என்று எண்ணுவது அகந்தை, வயிறு நிறைந்த கவலையின்மை, எளியவனின் கையைத் தாங்காமை ஆகியவற்றை. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்ற சொல்லும், யூதா நிருபத்தின் 7ஆம் வசனமும் வருவதை மறுதரப்பு எடுத்துக்காட்டும். எப்படியும் சம்மதத்தோடு சேர்ந்து வாழும் இருவரைப் பற்றி அந்த அதிகாரம் பேசவில்லை.

லேவியராகமத்துக்கு வந்தால், இரண்டு துணியில் நெய்த உடையை விலக்கிய அதே சட்டத்தொகுப்பை இன்று யார் கைக்கொள்கிறார்கள் என்று ஒரு தரப்புக் கேட்கும். அதே 18ஆம் அதிகாரம் தாயையும் சகோதரியையும் கூடுவதை விலக்குகிறதே, அதையும் விட்டுவிட்டீர்களா என்று மற்றத் தரப்புக் கேட்கும். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆகவே விவாதம் ரோமர் நிருபத்தில்தான் முடிவாக வந்து நிற்கிறது.

அங்கே அடிக்கடி நடக்கும் பிழை அதிகார எல்லையில் நிறுத்திவிடுவது. பவுல் எழுதியபோது அதிகாரங்கள் இல்லை. அவை பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தவை, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551இல் அச்சுக்காரர் ஒருவர் போட்டவை. முதலாம் அதிகாரத்தில் விக்கிரக ஆராதனையில் தொடங்கி, பெண்ணும் ஆணும் இயல்பான முறையை மாற்றியதைச் சொல்லி, பொறாமை, கொலை, புறங்கூறுதல் வரைக்கும் அடுக்கிவிட்டு, கேட்பவர் தலையாட்டும் நேரத்தில் 2:1இல் திரும்புகிறார்: மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, போக்குச் சொல்ல உனக்கு இடமில்லை என்று. முதலாம் அதிகாரத்தை மட்டும் வாசித்து வீட்டுக்கு அனுப்பும் பிரசங்கி பவுலின் வாதத்தைப் பாதியில் வெட்டுகிறார். அதேபோல, இரண்டாம் அதிகாரத்தைக் காட்டி முதலாவதில் பவுல் ஒன்றையும் கண்டிக்கவில்லை என்பவரும் வெட்டுகிறார். அவர் கண்டிக்கிறார். கண்டித்தபின் கண்டித்தவனையும் அதே கூண்டில் ஏற்றுகிறார்.

ஒருபாலுறவை ஏற்காத பாரம்பரிய நிலையின் பலம் இந்த ஆறில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஆதியாகமம் 1, 2ஆம் அதிகாரங்களையும், அவற்றை மத்தேயு 19இல் இயேசு எடுத்துச் சொல்வதையும் அது அடித்தளமாக வைக்கிறது. ஒருபால் இணையரைச் சபை ஏற்கலாம் என்னும் ஏற்பு நிலையின் பலம் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரம். விருத்தசேதனம் இல்லாத புறவினத்தார் மீது ஆவியானவர் இறங்கியதைக் கண்ட சபை, எழுதப்பட்ட கட்டளை இருந்தும் வாசலைத் திறந்தது என்பது அவர்கள் வாதம். அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம் வேசித்தனத்துக்கு விலகியிருக்கச் சொல்கிறதே என்பது பதில். அமெரிக்கப் புதிய ஏற்பாட்டு அறிஞர் ரிச்சர்ட் ஹேய்ஸ் 1996இல் பாரம்பரிய நிலையை எழுதினார், 2024இல் மகனோடு சேர்ந்து ஏற்பு நிலையை எழுதினார். பிரதிகளோ அந்தச் சில வசனங்களின் பொருளோ இடையில் மாறியதாக அவர் சொல்லவில்லை. முழு வேதத்திலும் விரிந்துகொண்டே போகும் தேவ இரக்கத்தை எப்படி எடைபோடுவது என்பதில்தான் அவர் மாறினார். உண்மையான பிரிவு அங்கேதான் இருக்கிறது.

சபைகளின் நிலைகளைப் பற்றி இங்கே தவறான தகவல்கள் உலவுகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2357 முதல் 2359 வரையான எண்களில் ஈர்ப்பையும் செயலையும் பிரித்துப் பேசுகிறது. செயலை ஏற்பதில்லை, ஆட்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்கவேண்டும், அநீதியான பாகுபாடு கூடாது என்கிறது. 2023 டிசெம்பர் 18இல் வத்திக்கான் விடுத்த அறிவிப்பு ஒருபால் திருமணத்தை அனுமதிக்கவில்லை. திருமணச் சடங்குபோலத் தோன்றாத எளிய ஆசீரைக் குருவானவர் கொடுக்கலாம் என்ற அளவோடு நின்றது. 2021இல் ஒருபால் திருமணத்தை அனுமதித்தது பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபை. இலங்கை மெதடிஸ்த திருச்சபை 1964 முதல் தன்னாட்சி உடையது, அந்தத் தீர்மானம் இங்கே செல்லாது. அங்கிலிக்கன் ஆயர்களின் 1998 லம்பெத் மாநாடு ஒருபாலுறவு வேதத்துக்குப் பொருந்தாது என்றது, அதே தீர்மானத்தில் அப்படிப்பட்டவர்களின் அனுபவத்துக்குச் செவிகொடுக்கவும் சொன்னது. முதற்பாதியை மட்டுமே எங்கள் ஆக்கள் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நாட்டின் சட்டத்தை வேதச் சட்டமென்று எண்ணுவதும் ஒரு குழப்பம். ஒருபாலுறவைக் குற்றமாக்கும் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 1883இல் பிரித்தானியர் எழுதியது. 365அ பிரிவு 1995 திருத்தத்தால் பெண்களுக்கும் பொருந்துமாறு விரிந்தது. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் சொன்னது. பாவம் என்று நம்பும் ஒருவர் அதைக் குற்றமாக்கத் தேவையில்லை என்றும் சொல்லலாம். பொய்யும் பொருளாசையும் பாவந்தான், ஆனால் ஒருவர் பொருளாசை கொண்டதற்காகப் பொலிசுக்குப் போகிறோமா?

சபையில் இதைப் படிக்க விரும்பினால், ஒரே இரவில் முடிக்கவேண்டாம். பத்துப் பேர் அளவில், நாலு மாலைகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். பழைய திருப்புதலையும் 1995இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் ஒன்றை, மற்றவர் மற்றதைச் சத்தமாக வாசிக்கட்டும். முதல் மாலை பிரதிகளுக்கு மட்டும். இரண்டாம் மாலை ஆதியாகமம் 1, 2, லேவியராகமம் 18 முழுக்க. மூன்றாம் மாலை ரோமர் 1:18இலிருந்து 3:26 வரை நிறுத்தாமல். நிதானமாக வாசித்தாலும் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகாது. கொரிந்தியர் பகுதியை 6:11 வரைக்கும் வாசியுங்கள், 9லும் 10லும் நிறுத்தாதீர்கள். நாலாம் மாலை அப்போஸ்தலர் 10, 15. சோதோமில் தொடங்கினால் கூட்டம் சத்தத்தில் முடியும். ஊரில் யாரையாவது பெயர் சொல்லிக் காட்டத் தொடங்கினால் அந்த இடத்திலேயே கூட்டத்தை நிறுத்துங்கள். எங்கள் ஊர்கள் சின்னவை, பெயர் சொல்லாமல் அடையாளம் மட்டும் சொன்னாலும் எல்லோருக்கும் விளங்கிவிடும்.

இந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கே அந்த ஈர்ப்பு இருக்கலாம், அவர் வாய் திறக்காமலும் இருக்கலாம் என்ற எண்ணத்தோடு நடத்துபவர் பேசவேண்டும். ஒருவர் தனியே வந்து சொன்னால், அவர் அனுமதி இல்லாமல் தாய் தகப்பனுக்கோ மூப்பருக்கோ சொல்லாதீர்கள். உபவாச செபம் என்று மேடையில் ஏற்றிப் பேய் துரத்தாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1990இல் ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதை மாற்றித் தருகிறோம் என்று பல ஆண்டுகள் நடந்த எக்சோடஸ் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, 2013இல் தன் தலைவரே மன்னிப்புக் கேட்டபின் மூடப்பட்டது. கலியாணம் பேசினால் சரியாகும் என்று அவசரப்படுவதும் உண்டு. அதில் ஒன்றும் அறியாத மறுவீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையும் மாட்டிக்கொள்ளும். பாரம்பரிய நிலையை உறுதியாகப் பிடிக்கும் போதகர் அதை அந்தப் பிள்ளைக்கு மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தனித்து வாழச் சொல்பவர், ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு அந்தப் பிள்ளை யாருடைய வீட்டில் மதியச் சாப்பாடு சாப்பிடும் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டுச் சொல்லட்டும்.

நன்றி, வணக்கம்.